புது ஸ்போர்ட்ஸ் காருக்குக் கணினியில் புது முகம்: வாசகர் கேள்வி – பதில்

புதிதாக வந்த ஸ்போர்ட்ஸ் காரின் படத்தை எடுத்து, அதன் வெளித்தோற்றத்தைக் கணினியில் மாற்றி வரைவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாகன வடிவமைப்பிலும் படத் திருத்தத்திலும் அன்றாடம் வேலை செய்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

டொயோட்டா ஜிஆர் சுப்ராவின் படத்தை எடுத்து, போட்டோஷாப்பின் லிக்விஃபையில் (படத்தை இழுத்து வளைக்கும் கருவி) பானட்டை நீட்டினேன், கூரையை இறக்கினேன். தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் பொம்மைக் கார்! எங்கே தவறு?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

அளவு பார்க்காமல் இழுத்ததுதான் தவறு. படத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: டயர். சுப்ராவின் முன் டயர் 255/35 ஆர்19. 255 மி.மீ. அகலத்தில் 35 சதவீதம் என்றால் 89.25; மேலும் கீழும் சேர்த்து 178.5. 19 அங்குல ரிம் 482.6. ஆக டயரின் முழு உயரம் 661 மி.மீ. உங்கள் படத்தில் அந்த டயர் 400 பிக்சல் உயரம் இருந்தால், ஒரு பிக்சல் 1.65 மி.மீ. காரை 25 மி.மீ. இறக்க நினைத்தால் 15 பிக்சல்தான் இறக்க வேண்டும். கண் மதிப்பில் இழுப்பவர்கள் 50, 60 பிக்சல் இழுத்துவிடுகிறார்கள். அதாவது 10 செ.மீ.! கார் தரையில் புதைந்துவிடும்.

இந்தக் கணக்கு அந்தச் சக்கரம் நிற்கும் தூரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பின் டயர் 275/35 ஆர்19, உயரம் 675 மி.மீ. அது நிஜத்தில் பெரியது, ஆனால் தள்ளி இருப்பதால் படத்தில் சின்னதாகத் தெரியும். பின்பக்கத்துக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

பானட்டுக்கு வருவோம். பெரும்பாலோர் மூக்கைப் பிடித்து முன்னால் இழுக்கிறார்கள். சக்கரம் அதே இடத்தில் நிற்க, அதற்கு முன்னால் பம்பர் மட்டும் நீளும். கார் மூக்குக் கனத்துத் தெரியும். நீண்ட பானட் என்ற உணர்வு மூக்கிலிருந்து வருவதில்லை. முன் அச்சுக்கும் முன் கண்ணாடியின் அடிக்கும் நடுவே உள்ள தூரம்தான் அதைத் தருகிறது. எனவே வீல் ஆர்ச்சின் பின் விளிம்புக்கும் கதவின் முன் விளிம்புக்கும் நடுவில் வெட்டி, அதற்கு முன்னால் உள்ள மொத்தத்தையும் சக்கரத்தோடு சேர்த்து நகர்த்துங்கள். 80 மி.மீ. நகர்த்த உங்கள் படத்தில் 48 பிக்சல். சுப்ராவின் சக்கர இடைவெளி 2,470 மி.மீ.தான், அதில் 80 என்பதே பெரிய மாற்றம். எல்லாக் காருக்கும் இது சரிவராது. 2019-ல் வந்த சி8 கார்வெட்டில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் போய்விட்டது, அதனால்தான் கேபின் முன்னேறி நிற்கிறது. அதன் பானட்டை நீட்டினால், கதவுக்குப் பின்னால் எஞ்சினுக்காகத் திறந்திருக்கும் பெரிய காற்று வாய்க்கு வேலையே இல்லாமல் போகும்.

கூரையை 30 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். கண்ணாடிக்குள் தெரியும் ஹெட்ரெஸ்ட்டையும் ஸ்டியரிங்கையும் லிக்விஃபை சேர்த்து நசுக்கிவிடும், பொம்மைத்தனம் அங்கிருந்துதான் வருகிறது. உள்பக்கத்தைத் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) வெட்டி வைத்துவிட்டு, தூண்களையும் கூரையையும் மட்டும் மாற்றுங்கள். பிறகு பழைய உள்பக்கத்தைப் பழைய அளவிலேயே கீழே வையுங்கள். ஹெட்ரெஸ்ட் கூரையில் இடித்தால், அந்தக் கூரை ஓட்டுநர் தலையிலும் இடிக்கும்.

நண்பரின் காரை நானே படம் எடுத்து அதில் வரையலாம் என்று இருக்கிறேன். எங்கே, எப்போது எடுத்தால் திருத்த வசதி?
– வாசகர், திருவான்மியூர்

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி, கடலுக்குப் பக்கவாட்டு காட்டி நிறுத்துங்கள். சூரியன் வருவதற்கு 20 நிமிடம் முன்பு கிழக்கு வானம் முழுக்க ஒரே சீரான வெளிச்சமாக இருக்கும். கதவில் அந்த வானம், அதன் கீழே கடலின் ஒரே நேர்க்கோடு, அதன் கீழே மணல் என்று மூன்று பட்டை சுத்தமாக விழும். திருத்துபவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அண்ணா நகர், அடையாறு தெருக்களில் எடுத்தால் தூங்குமூஞ்சி மரம், ஈபி ஒயர், எதிர் ஃப்ளாட்டின் பால்கனி எல்லாம் கதவில் படிந்துவிடும். பிறகு ஒரு கோட்டை நகர்த்தினாலும் பால்கனி வளையும். ஏப்ரல், மே நண்பகலில் பானட் வெளுத்து, விவரமே மிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்ட நாள்கள் நல்லவை.

போன் கேமரா என்றால் அதன் சாதாரண லென்ஸ் வேண்டாம். 24 – 26 மி.மீ. கோணம் அருகிலுள்ள ஹெட்லைட்டை ஊதிக் காட்டும். 3 மடங்கு ஜூம் லென்ஸ் இருந்தால் அதை வைத்து, 10 – 12 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். கேமரா 70 – 90 செ.மீ. உயரத்தில், ஹெட்லைட் மட்டத்தை ஒட்டி, சாயாமல் இருக்கட்டும். கேமரா பதிந்த விவரம் முழுவதும் மிஞ்சும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். ட்ரைபாடை நகர்த்தாமல் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று எடுத்துவைத்தால் வீல் ஆர்ச்சுக்குள் உள்ள இருட்டும் கூரை மேல் உள்ள பளிச்சும் இரண்டுமே கையில் இருக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் கண்ணாடிக்கு மட்டும் பயன்படும்; ஒரு படம் அதோடு, ஒரு படம் அது இல்லாமல். உடலுக்கு அதைப் போட்டால் பிரதிபலிப்பு திட்டுத்திட்டாகக் குறையும். கடல் காற்றில் உப்புத் தூசி சீக்கிரம் படியும், கடைசி நிமிடத்தில் ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

சுப்ராவில் கதவு, பானட், பம்பர் என்று மூடிய காற்றுத் துவாரங்கள் நிறைய. கதவில் இருப்பதைக் குளோன் ஸ்டாம்ப் வைத்து அழித்தேன். அழித்த இடம் பட்டி பார்த்த மாதிரி தனியாகத் தெரிகிறது. எப்படி மறைப்பது?
– வாசகி, பெரம்பூர்

பந்தயத்துக்கு மாற்றும்போது திறந்துகொள்ளலாம் என்று டொயோட்டா தரப்பு அந்தத் துவாரங்களுக்கு விளக்கம் சொன்னது. சாலையில் ஓடும் காரில் அவை மூடித்தான் இருக்கின்றன. எடுக்க நினைப்பது நியாயமான ஆசை. ஆனால் குளோன் ஸ்டாம்ப் இதற்கான கருவி இல்லை. பளபளக்கும் பெயின்ட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்புதான். பக்கத்து இடத்திலிருந்து நகலெடுத்தால், அந்த இடத்தின் வளைவுக்கு ஏற்ற பிரதிபலிப்பை வேறு வளைவின் மேல் ஒட்டுகிறீர்கள்.

கிரைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் குடத்தை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். வயிற்றின் மேல் பாதியில் வெளிச்சம், கீழ் பாதியில் தரை, நடுவில் ஒரு கருத்த பட்டை. வயிறு அகலமாக இருக்கும் இடத்தில் பட்டை அகலம். கழுத்துக்குப் போகும்போது வளைவு இறுகும், பட்டையும் ஒடுங்கி நூலாகிவிடும். காரின் பக்கவாட்டும் இதே விதிப்படிதான். ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஓடும் தோள்கோட்டுக்கு மேலே வானம், கீழே தரை, நடுவே அடிவானத்தின் கருத்த பட்டை. பரப்பு தட்டையானால் பட்டை விரியும், திரும்பினால் ஒடுங்கும். முன் ஃபெண்டரில் தொடங்கி, கதவைக் கடந்து, பின் ஃபெண்டர் வரை அது அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்டால் அங்கே ஒரு மடிப்பு இருப்பதாகக் கண் படித்துக்கொள்ளும். உங்கள் படத்தில் பட்டி மாதிரித் தெரிவது அந்த அறுபட்ட இடம்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். முதலில் படத்தை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். 8 பிட்டில் மெல்லிய நிறமாற்றம் படிக்கட்டு போட்டு நிற்கும். அடுத்து பென் டூலால் (புள்ளி வைத்து வளைகோடு வரையும் கருவி) மூன்று எல்லைகளை வரையுங்கள்: கதவின் பின் இடுக்கு, கதவுக்குக் கீழே ஓடும் உடல் விளிம்பு (சில்), பின் வீல் ஆர்ச் விளிம்பு. துவாரம் கதவின் பின் ஓரத்தில், இடுக்கை ஒட்டியே இருப்பதால், அதை அழிக்கும்போது கதவு இடுக்கும் சேர்ந்து போய்விடும். திறக்க முடியாத கதவோடு எத்தனையோ படங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இடுக்கை மறுபடி வரைய வேண்டும். நிஜக் காரில் அது ஏறக்குறைய 4 மி.மீ.; மேலே சொன்ன கணக்கில் இரண்டரை பிக்சல். கருப்பாக ஒரு கோடு போட்டால் போதாது. வெளிச்சம் படும் உதட்டில் ஒரு பிக்சல் வெளிர் கோடு சேர்த்தால்தான் அது தகட்டின் விளிம்பு.

பிறகு எல்லைக்குள் ஒரு புது லேயரில் அடிநிறம் நிரப்புங்கள். துவாரத்துக்கு இரண்டு பக்கமும், கொஞ்சம் தள்ளி, மூன்று மட்டத்தில் நிறம் எடுங்கள்: வானம் படும் மேல் மட்டம், கருத்த பட்டை, தரை படும் கீழ் மட்டம். கீழ் மட்டத்தில் தரையின் பழுப்பு லேசாகக் கலந்திருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். மென்மையான பெரிய பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவலில் இறங்கும் நிறத்தின் அளவு) 5 முதல் 8 சதவீதம். பட்டையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பென் டூலால் நீண்ட வளைவாக, முடிந்தவரை குறைந்த புள்ளிகளில் வரையுங்கள். ஒரு வளைவுக்கு மூன்று புள்ளிக்கு மேல் வைத்தால் நடுவில் ஒரு நெளிவு வந்தே தீரும்.

சுப்ராவில் இன்னொரு சிக்கல் உண்டு. துவாரத்தை நோக்கிக் கதவின் பரப்பு உள்வாங்கி, அதைத் தாண்டியதும் பின் இடுப்பு புடைத்து எழும். துவாரத்தை மட்டும் மூடினால், காரணமில்லாத ஒரு பள்ளம் மிஞ்சும். இரண்டு வழி. பள்ளத்தை வைத்துக்கொண்டு, கதவின் கீழ் மடிப்பைப் பின் சக்கரத்துக்கு மேலே தூக்கிவிட்டு இடுப்போடு சேர்த்துவிடலாம். அல்லது பள்ளத்தையே நிரப்பி, கருத்த பட்டையை நேராக ஓட்டலாம். முதல் வழி காரின் இறுக்கத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டாவதில் பக்கவாட்டு வெறிச்சென்று போகும். எங்கள் ஓட்டு முதல் வழிக்கு.

கடைசியாக நாய்ஸ். பிரஷ்ஷால் பூசிய இடம் மெழுகு மாதிரி இருக்கும், கேமரா எடுத்த இடத்தில் நுண்ணிய மணல் இருக்கும். ஒரு சதவீத நாய்ஸ் தூவி, 200 சதவீதப் பெரிதாக்கத்தில் பக்கத்து இடத்தோடு ஒப்பிடுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பி ஒருமுறை, கறுப்பு வெள்ளையாக்கி ஒருமுறை பாருங்கள். நிறத்தில் ஏமாறும் கண் கறுப்பு வெள்ளையில் ஏமாறாது.

பம்பர் மூலைகளில் உள்ள மூடிய துவாரங்களை மட்டும் அழிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தக் கருப்பு இல்லாவிட்டால் மூலை முழுக்க பெயின்ட் நிறம் வந்து முகம் கன்னம் வீங்கிவிடும். உயரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும்.

பிஎம்டபிள்யூ எம்4-ன் பெரிய கிரில்லைச் சின்னதாக்கினால், காருக்கு முகமே இல்லாமல் போகிறது. ஏன்?
– வாசகர், மறைமலை நகர்

2020-ல் வந்த இந்த எம்4-ல் கிரில் பானட் விளிம்பில் தொடங்கி ஏறக்குறைய பம்பரின் அடிவரை இறங்குகிறது. அதைச் சுருக்கினால் நடுவில் ஒரு பெரிய வெற்றுச் சுவர் வருகிறது. அதோடு, பானட்டின் மேலே ஓடும் மேட்டுக்கோடுகள் கிரில்லின் அகலத்தை நோக்கித்தான் இறங்குகின்றன. கிரில் போன பிறகும் அவை பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும்.

கிரில்லைக் கிடைமட்டமாக்கி, மேல் விளிம்பை மட்டும் இருந்த இடத்தில் வையுங்கள். பானட் கோடுகளை அதன் புது வெளி விளிம்புக்குத் திருப்புங்கள். வெற்றுச் சுவரில் பாதி உயரத்தைக் கீழே ஓர் அகலமான காற்று வாயாகத் திறந்துவிடுங்கள். இரட்டை டர்போ 3 லிட்டர் எஞ்சின் அது, எங்கிருந்தாவது காற்று வந்தே ஆக வேண்டும். மேலே எடுத்த பரப்பைக் கீழே திருப்பிக் கொடுத்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் முகம் நம்பும்படி இருக்கும். மீதிச் சுவரில் குறுக்கே ஒரே ஒரு மடிப்பு. மேல் பாதி வானம் பிடிக்கட்டும், கீழ் பாதி நிழலில் விழட்டும்.

நேர் முகப்புப் படத்தில் அளவுகோலாக நம்பர் பிளேட்டை வையுங்கள். நம் ஊர்க் காரின் நீளமான பிளேட் 500 × 120 மி.மீ. பிளேட்டுக்கு இடம் ஒதுக்காமல் வரைந்த முகம் பாதி வரைந்த முகம்தான்.

ஹெட்லைட்டையும் மாற்றுவதாக இருந்தால் ஓர் எல்லை உண்டு. ஐ.நா. வாகன விதி 48-ன்படி டிம் லைட் தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் கீழே இருக்கக் கூடாது, 1,200-க்கு மேலே போகக் கூடாது. மெல்லிய பகல் விளக்கை மேலே வைத்து, மெயின் விளக்கைப் பம்பருக்குள் ஒளிக்கும் பாணி இப்போது நிறைய பேருக்குப் பிடித்திருக்கிறது. செய்யலாம், 500-ஐ அளந்துவிட்டுச் செய்யுங்கள்.

அலாய் வீல் மாற்றினால் சக்கரம் காரில் ஒட்டாமல் மிதக்கிறது.
– வாசகர், ஆவடி

மூன்றில் ஒன்றாக இருக்கும். முக்கால் கோணத்தில் சக்கரம் நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தின் குறுக்கு அச்சு, காரின் ஆக்ஸில் போகும் திசையிலேயே சாய வேண்டும். கேமரா சக்கரத்தைவிட உயரத்தில் இருந்தால் அந்தச் சாய்வு கட்டாயம் உண்டு. பலர் நீள்வட்டத்தைச் செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள், சக்கரம் கழன்றது போல ஆகிவிடுகிறது. முன் சக்கர மையத்திலிருந்து எதிர்ப்பக்கச் சக்கர மையத்துக்கு ஒரு வழிகாட்டிக் கோடு போட்டுவிட்டு அதன்படி சாயுங்கள்.

இரண்டாவது, அளவு. 19 அங்குலத்திலிருந்து 20 அங்குலத்துக்குப் போகும்போது டயரையும் சேர்த்துப் பெரிதாக்கக் கூடாது. 255/35 ஆர்19-க்கு இணை 255/30 ஆர்20. இரண்டின் வெளி உயரமும் 661 மி.மீ.தான். ரிம் 5 சதவீதம் வளரும், டயரின் சுவர் அந்த அளவுக்கு மெலியும்.

மூன்றாவது, ஆழம். ரிம்மின் மையம் உள்ளே குழிந்திருப்பதால், ஹப் மூடி நீள்வட்டத்தின் நட்டநடுவில் வராது, உள்பக்கம் தள்ளித் தெரியும். பழைய படத்திலிருந்து பிரேக் டிஸ்க்கையும் அதைப் பிடிக்கும் காலிப்பரையும் வெட்டித் தனி லேயரில் வைத்திருந்து, ஆரங்களுக்குப் பின்னால் இருட்டாக்கிப் போடுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கன்னங்கரேலென ஒரு நிழல் வேண்டும். காரை இறக்க வேண்டுமானால் உடலைக் கீழே கொண்டுவாருங்கள், சக்கரத்தை மேலே தூக்காதீர்கள். உடல் இறங்கினால் அடியில் விழும் நிழலும் குறுகி, அடர்ந்துவிடும்.

வெள்ளைக் காரைச் சிவப்பாக்கினால் ரோஸாகிறது, பிளாஸ்டிக் மாதிரியும் இருக்கிறது.
– வாசகி, குரோம்பேட்டை

வெள்ளை நிறம் வெளிச்ச அளவில் மிக உயரத்தில் இருக்கிறது, சிவப்பு பாதியில்தான் இருக்கிறது. நிறம் ஏற்றுவதற்கு முன் கர்வ்ஸில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) உடலின் நடுத்தொனியைப் பாதி அளவுக்கு இறக்குங்கள். அதன் மேல், கீழ் அடுக்கோடு சேர்ந்து இருட்டாகும் மல்டிப்ளை முறையில் சிவப்பு. இப்போது ரோஸ் போய்விடும். பிளாஸ்டிக் தன்மைக்குக் காரணம் வேறு: பெயின்ட்டின் மேல் உள்ள கிளியர் கோட் பிரதிபலிப்புக்குப் பெயின்ட்டின் நிறத்தைக் கொடுக்காது. சிவப்புக் காரிலும் வானத்தின் பளிச்சு வெள்ளையாகத்தான் தெரியும். முதல் படத்தின் உச்ச வெளிச்சங்களை மட்டும் பிரித்தெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் கலக்கும் ஸ்கிரீன் முறையில் மேலே திருப்பி வையுங்கள். கதவுக் கைப்பிடி, மிரர் கூடு, கதவு இடுக்கின் உள் உதடு மறக்க வேண்டாம். கார் நிறம் தரையிலும் டயர் பக்கத்திலும் 5 முதல் 10 சதவீதம் கசியும், அதையும் பூசுங்கள். அடிப்படையாக எடுக்கச் சாம்பல் நிறக் காரே சிறந்தது. கறுப்புக் காரில் பிரதிபலிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை, அதில் நிறம் ஏற்றுவது வீண் பாடு.

ஏஐ-யிடம் சொன்னால் ஒரு நொடியில் வரைந்து தருகிறதே?
– வாசகர், கொளத்தூர்

தருகிறது. முன் சக்கரத்தில் ஐந்து ஆரம், பின் சக்கரத்தில் ஆறு ஆரம். இடது விளக்கு ஒரு மாதிரி, வலது விளக்கு ஒரு மாதிரி. பாதியில் நின்றுபோகும் பானட் இடுக்கு. அதே காரை இன்னொரு கோணத்தில் கேட்டால் வேறு கார் வரும். வடிவமைப்பு என்பது முன்னும் பின்னும் பக்கமும் ஒரே காராக நிற்பது. தொடக்கத்தில் பத்துப் பதினைந்து யோசனைகள் பார்க்கவும், தரையை நீட்டவும், பின்னணி மாற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோணத்திலும் வேண்டுமென்றால் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் கற்றுக்கொள்வதுதான் வழி.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாது. மாற்று?
– மாணவி, திருவொற்றியூர்

பென் டூல், மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைப்பது), பிளெண்டிங் (லேயர்களைக் கலப்பது) மூன்றும் இருந்தால் போதும். பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ, பிரஷ் வேலைக்கு கிருதா, திருத்தத்துக்கு கிம்ப். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-ல் ஃபில்டர்களைப் பிறகு திரும்பப் போய் மாற்றிக்கொள்ள முடிகிறது. செலவு செய்வதாக இருந்தால் ரிச்சி தெருவில், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை மானிட்டர் ஒன்று பாருங்கள். திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளி முழுவதையும் காட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அடுத்து 6 × 4 அங்குலப் பென் டேப்லெட். மவுஸில் கோடு வரையலாம்; 5 சதவீத ஃப்ளோவில் பிரதிபலிப்புப் பூச அழுத்தம் உணரும் பேனா வேண்டும்.

வரைந்ததையே கார் பொருள் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் காட்டி நிஜக் காரில் செய்துவிடலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

படத்தைக் காட்டி ஃபைபர் பம்பர் கேட்பதற்கு முன், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவைப் படியுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். திரையில் வரைவதற்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஆனால் கம்பெனிகள் வெளியிடும் படங்களின் காப்புரிமை அவர்களுடையது. விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ அதில் வரைய வேண்டாம். உங்கள் சொந்தப் படமாக இருந்தாலும், பதிவிடும்போது இது கற்பனை வடிவம் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த வாரமே புது மாடல் செய்தியாக வாட்ஸ்அப்பில் உங்களுக்கே திரும்பி வரும். நண்பரின் நம்பர் பிளேட்டை மறைக்கவும்.

இதை வைத்து வேலை கிடைக்குமா?
– மாணவர், ஸ்ரீபெரும்புதூர்

திருத்திய படங்கள் மட்டும் இருந்தால் கடினம். தேர்வு செய்பவர்கள் பார்ப்பது, அதற்கு முந்தைய காகித ஓவியங்கள், பக்கவாட்டு நேர்த்தோற்றத்தில் அளவுகள், ஏன் அந்தக் கோட்டை நகர்த்தினீர்கள் என்ற காரணம். படிக்க தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் வாகன வடிவமைப்புப் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு டி.ஏ.டி. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யில் முதுநிலைப் படிப்பு, அதற்கு சி.இ.இ.டி. (CEED) நுழைவுத் தேர்வு. சென்னையில் இருந்தபடியே நுழைய இன்னொரு வாசல், ஏலியஸ் என்ற முப்பரிமாண மென்பொருளில் கிளாஸ் ஏ பரப்பு, அதாவது காரில் கண்ணுக்குத் தெரியும் வெளிப்பரப்பு, உருவாக்கும் வேலை. கருத்த பட்டை அறுபடாமல் ஓடுகிறதா என்று மேலே பார்த்தோமே, அதையே அங்கே வரிக்குதிரைக் கோடுகள் போட்டுச் சோதிப்பார்கள். அந்தக் கண் உங்களுக்கு வந்துவிட்டால் பாதி தூரம் கடந்த மாதிரி. 2025-ல் ரெனோவும் சென்னையில் ஒரு வடிவமைப்பு மையத்தைத் திறந்திருக்கிறது.

கல்லூரிக் கண்காட்சிக்கு ஏ3 அளவில் அச்சிட வேண்டும். திரையில் பளிச்சென்று இருக்கும் ஆரஞ்சு, அச்சில் செங்கல் நிறமாகிவிட்டது.
– மாணவி, தாம்பரம்

ஏ3 என்றால் 297 × 420 மி.மீ.; அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,508 × 4,961 பிக்சல் வேண்டும். தொடங்கும்போதே அந்த அளவில் தொடங்குங்கள், முடித்த பிறகு பெரிதாக்கினால் நாய்ஸும் சேர்ந்து பெரிதாகும். ஆரஞ்சு மங்கியதற்குக் காரணம், நான்கு மையில் அந்தப் பளிச்சு கிடையாது. மென்பொருளில் அந்த நான்கு மையின் நிறத்தைக் காட்டும் சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைப் போட்டு, மங்கும் இடத்தைப் பார்த்தபடி நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தைக் கூட்டுவதைவிட, நிழல் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கினால் ஆரஞ்சு தானாக எழும்பித் தெரியும். முழுத்தாள் அடிப்பதற்கு முன், ஹெட்லைட்டும் ஃபெண்டரும் சேரும் பகுதியை மட்டும் ஏ5 துண்டாக அதே காகிதத்தில் ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். கடை டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல், வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.